அம்மனிடம் பறித்த குடை

தெய்வானைக்கு வாய் நீளம் என்று மலாய் நாட்டுக் காஜா பெராங் முழுக்கப் பேச்சு. பேசட்டும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆனால் அந்த வாய் எப்போது நீண்டது, நீட்ட வைத்தது யார் என்று கேட்டால் மட்டும் பேசினவர்கள் எல்லோருக்கும் அவசர வேலை வந்துவிடும். கல்யாணமாகி வந்த புதிதில் அவள் குரலே வெளியில் கேட்காது. கொத்து வேலைக்குச் சித்தாளாகப் போனாள். சுண்ணாம்பு வாளியைத் தலையில் வைத்து மூங்கில் சாரத்தில் ஏறுவாள், இறங்குவாள், பொழுது சாய்ந்ததும் கை காலைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்து சோறு வடிப்பாள். அவ்வளவுதான் அவள்.

புருஷன் வேலாயுதம் அவளுக்குச் சொந்தத் தாய்மாமன், அம்மாவின் கடைசித் தம்பி. முனிசிபாலிட்டியில் ரோடு போடுகிற வேலை. கெட்டவன் என்று சொல்ல முடியாது. குடிக்கமாட்டான், கை ஓங்கமாட்டான். அண்ணன் மாணிக்கவாசகம் கிழித்த கோட்டைத் தாண்டமாட்டான் என்பதுதான் அவனிடமிருந்த ஒரே குறை. ஒரு குடும்பத்தைக் கெடுக்க அந்த ஒன்று போதாதா?

மாணிக்கவாசகம் தெய்வானைக்குப் பெரிய மாமா. ரோடு வேலைக்காரர்கள் கூடிக் கட்டிய சின்ன அம்மன் கோயில் ஒன்று அவர்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருந்தது. அதற்கு அவர்தான் தலைவர். அம்மனுக்கு அடுத்தபடி அவர் என்று ஊர் நினைத்தது. அம்மனுக்கு முந்தியே தாம் என்று அவர் நினைத்தார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி பாவம், வாயில்லாப் பூச்சி. வரம் கொடுப்பதும் மறிப்பதும் மாணிக்கவாசகம்தான்.

மகள் கோகிலா பிறந்தது, வெள்ளைக்கார அரசாங்கம் காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட எமர்ஜென்சிக் காலத்தில். ரோட்டில் வண்டியை மறித்துப் பட்டாளத்துக்காரர்கள் அரிசி மூட்டையைக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்த நாள்கள் அவை. பிள்ளைக்குத் தலை நின்றதும், செமாபோக்கில் இருந்த சொந்தக்காரர்களுக்குக் காட்ட தெய்வானை தூக்கிக்கொண்டு போனாள். போன அன்றைக்கு வழியில் சோதனை. உச்சி வெயிலில் எல்லோரையும் இறக்கி நிற்க வைத்துவிட்டார்கள். அவளோடு நின்ற மற்ற பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கோகிலாவுக்கு மட்டும் மறுநாள் முகம் வெந்தது போலச் சிவந்து, கன்னத்திலும் நெற்றியிலும் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது.

பெரிய மாமா வந்து எட்டிப் பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அம்மா வந்திருக்கா. வாசல்ல வேப்பிலை கட்டு. மீனு, கறி, தாளிப்பு ஒண்ணும் கூடாது."

வேப்பிலை கட்டினார்கள். அம்மை கண்ட வீட்டில் என்னென்ன செய்வார்களோ அத்தனையும் செய்தார்கள். தலைக்கு ஊற்றும் நாள் வந்தது. அதற்கு வழக்கம் என்ன? அண்டாவில் தண்ணீர் நிரப்பி, வேப்பிலையும் மஞ்சளும் போட்டு, முற்றத்து வெயிலில் வைத்துவிட வேண்டும். அடுப்பில் காய்ச்சக் கூடாது. வெயிலிலேயே அது சூடேறி, உச்சிப்பொழுதில் அங்கேயே பிள்ளையை உட்காரவைத்து ஊற்ற வேண்டும். ஊற்றினார்கள். மறுநாள் கொப்புளம் இரண்டு பங்காயிற்று. "அம்மா இன்னும் இறங்கலை" என்றார் பெரிய மாமா. திரும்பவும் அண்டா, திரும்பவும் முற்றம், திரும்பவும் உச்சி வெயில். யாரும் கெடுதல் நினைத்துச் செய்யவில்லை. நல்லது நினைத்தே ஒரு பச்சைப் பிள்ளையை வேகவைத்தார்கள்.

கொப்புளம் ஆறியது. ஆறின இடமெல்லாம் கருகருவென்று புள்ளி நின்றது. நடக்கிற வயசில் அவள் முகமும் கையும் எள்ளைத் தூவினது போல இருந்தன. தோல் வறண்டு உரிந்தது. வெளிச்சத்தைக் கண்டால் கண்ணை இறுக்கிக்கொள்வாள், நீர் வழியும். பிள்ளைகளோடு வாசலில் விளையாடியவள் அழுதுகொண்டே வந்து கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொள்வாள். அம்மன் முத்திரை குத்தியிருக்கிறாள் என்றார் பெரிய மாமா. அது போக வேண்டுமென்றால் பிள்ளை தன் தலையாலே மூன்று வருஷம் திருவிழாவுக்குப் பால்குடம் எடுக்க வேண்டும். வேலாயுதம் சன்னிதியில் விழுந்து, கற்பூரத்தின் மேல் அடித்து நேர்ந்துகொண்டான்.

முதல் வருஷம் கோகிலாவுக்கு மஞ்சள் பாவாடை கட்டி, தலையில் சும்மாட்டை வைத்து, சின்னச் செம்பைத் தூக்கி வைத்தவள் தெய்வானைதான். பெருமையாகத்தான் இருந்தது. ஊர்வலம் காஜா பெராங்கில் புறப்பட்டு, பெண்டஹாரா ரோடு வரை போய்த் திரும்பும். திரும்பி வருவதற்குள் பிள்ளையின் உதடு வெடித்திருந்தது. வாரக்கணக்கில் கண் திறக்கவில்லை. "அம்மா சோதிக்கிறா" என்றார் பெரிய மாமா. மறு வருஷமும் எடுத்தாள். அந்த வருஷம் மூக்கின் மேல் மிளகளவு ஒரு கட்டி வந்தது. தொட்டால் ரத்தம் கசிந்தது.

அப்போதுதான் பெரிய மாமா அந்த வார்த்தையைச் சொன்னார். குடும்பமே கூடியிருக்கும்போது, வெற்றிலையை மென்றபடி சொன்னார்.

"நம்ம வம்சத்துல இப்படி ஒண்ணு கிடையாது. தெய்வானை வயித்துல ஏதோ தோஷம்."

தெய்வானையின் வாய் நீண்டது அந்த நிமிஷம்தான்.

"என் வயிறு எங்கேருந்து வந்துச்சு, பெரிய மாமா? உங்க தங்கச்சி வயித்துலேருந்து. உங்க தங்கச்சி எங்கேருந்து வந்தாங்க? உங்க அம்மா வயித்துலேருந்து. நீங்க எங்கேருந்து வந்தீங்க? அங்கேருந்து தேடிக்கிட்டு வாங்க, தோஷத்த!"

பெரிய மாமாவுக்கு வெற்றிலைச் சாறு புரை ஏறிவிட்டது. அன்றிலிருந்து ஊருக்கு அவள் வாயாடி.

மறுநாள் யாரிடமும் கேட்காமல் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனாள். வெள்ளைக்கார டாக்டரம்மா ஒருத்தி. பக்கத்தில் மொழிபெயர்த்துச் சொல்ல, மருந்து கட்டுகிற டிரெஸ்ஸர் ராஜரத்தினம். டாக்டரம்மா கோகிலாவை ஜன்னலுக்கு அருகே கூப்பிட்டாள். பிள்ளை முகத்தை அம்மாவின் இடுப்பில் புதைத்துக்கொண்டது. டாக்டரம்மா உடனே எழுந்து போய் ஜன்னல் திரையை இழுத்து மூடினாள். பிள்ளை மெல்லத் தலையைத் தூக்கியது. அதற்கப்புறம் டாக்டரம்மா நெடுநேரம் புள்ளிகளைப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டாள். ராஜரத்தினம் சொல்லத் தயங்கினார்.

"என்ன கேக்குறாங்க?"

"உம்மட புருஷன் உமக்கு என்ன முறை எண்டு கேக்கிறா."

"தாய்மாமன்."

டாக்டரம்மா தலையசைத்தாள், ஆச்சரியப்படவில்லை. பிறகு சொன்னதை ராஜரத்தினம் ஒவ்வொன்றாகச் சொன்னார். இது அம்மை இல்லை. தொத்து வியாதியும் இல்லை. சிலருக்குப் பிறவியிலேயே தோல் வெயிலைத் தாங்காது. வெயில் செய்த புண்ணை உடம்பால் ஆற்ற முடியாது. சொந்தத்துக்குள் கட்டினவர்களின் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கூடுதலாக வரும். ஏன் என்று இன்னும் யாருக்கும் சரியாகத் தெரியாது. மருந்து இல்லை. மூக்கில் இருப்பதை வெட்டி எடுத்துவிடலாம். ஆனால் வெயில் பட்டால் இன்னொன்று வரும், அதற்கப்புறம் இன்னொன்று. கண்ணும் போகும், உயிரும் போகும்.

"வெயில் படாட்டி?"

"படாட்டி கனகாலம் இருப்பா எண்டு சொல்லுறா."

தெய்வானை பிள்ளையை முந்தானையால் முழுக்க மூடித் தூக்கிக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் அழுகை வரவில்லை. முற்றத்தில் வைத்த அண்டாவும் மஞ்சள் பாவாடையும்தான் திரும்பத் திரும்பக் கண்ணுக்கு முன்னால் வந்தன. பாவாடை கட்டிவிட்ட தன் கை மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

டாக்டரம்மா தெரியாது என்று சொன்ன அந்த 'ஏன்', இன்று தெரிந்துவிட்டது. தெய்வானை ஏறி இறங்கிய சாரத்தை வைத்தே அதைச் சொல்லிவிடலாம்.

நம் உடம்பில் கோடானுகோடி உயிரணுக்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் டி.என்.ஏ. என்று ஒரு மெல்லிய இழை. உடம்பு என்னென்ன வேலை செய்ய வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. வெயில் படும்போதெல்லாம் அந்த இழை அங்கங்கே கோணிப் புடைத்துக்கொள்கிறது. எனக்கும் உங்களுக்கும் அப்படித்தான், மாணிக்கவாசகத்துக்கும் அப்படித்தான். அதைச் சரிசெய்ய உடம்புக்குள்ளேயே ஒரு கொத்து வேலைக் கூட்டம் இருக்கிறது. எல்லாம் புரதங்கள். பழுதைக் கண்டுபிடிப்பது ஒன்று, இழையைப் பிரித்துக் கொடுப்பது ஒன்று, கெட்டுப்போன துண்டை வெட்டி எடுப்பது ஒன்று, புதுத் துண்டு வைத்துப் பூசுவது ஒன்று. ஆனால் இத்தனை பேரும் தாங்களாக வந்து வரிசையில் நின்றுவிடமாட்டார்கள். பழுதான இடத்தில் அவர்களைப் பிடித்து நிறுத்த இன்னொரு புரதம் வேண்டும். அது வெட்டாது, பூசாது. இந்தக் கையால் ஒருவரையும் அந்தக் கையால் இன்னொருவரையும் பிடித்து, வெட்ட வேண்டிய இடத்தில் வெட்டுகிறவரைக் கொண்டுவந்து நிறுத்தும். கட்டட வேலையில் சாரம் செய்கிற அதே காரியம். படித்தவர்களும் அதைச் சாரப் புரதம் என்றுதான் சொல்கிறார்கள்.

கோகிலாவின் உடம்பை அப்படி யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. அந்தக் காலத்தில் அதற்கு வழியும் இல்லை. ஆனால் இந்த நோய் கடுமையாக வருகிற பிள்ளைகள் பலருக்கு அந்தச் சாரம்தான் சரியாக உருவாகாமல் இருக்கிறது. கொத்தனார் இருப்பார், கரண்டி இருக்கும், சுண்ணாம்பு இருக்கும், சாரம் இருக்காது. கீழே கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இன்றைய பழுதின் மேல் நாளைய பழுது விழும். பழுது ஏறிய உயிரணு ஒருநாள் தறிகெட்டு வளரும், அதுதான் மூக்கின் மேல் வந்த கட்டி. அந்தப் புரதத்தைச் செய்யும் முறை அப்பாவிடமிருந்து ஒன்றும் அம்மாவிடமிருந்து ஒன்றும் பிள்ளைக்கு வருகிறது. இரண்டில் ஒன்று சரியாக இருந்தாலே போதும். வேலாயுதத்திடம் ஒன்று சரி, ஒன்று பிழை. தெய்வானையிடமும் அப்படியே. ஒரே குடும்பத்து ரத்தம், அதனால் ஒரே பிழை. இரண்டு பேருக்கும் அது தெரியாது, இரண்டு பேருக்கும் அதனால் ஒரு குறையும் இல்லை. கோகிலாவுக்கு இருவரிடமிருந்தும் பிழையே வந்து சேர்ந்தது. இதில் சாமி எங்கே வந்தது, தோஷம் எங்கே வந்தது, முத்திரை எங்கே வந்தது? சொல்லுங்கள்.

தெய்வானைக்கு இதெல்லாம் தெரியாது. வெயில் ஆகாது என்பது மட்டும் தெரியும். அது போதும் என்று நினைத்தாள்.

பக்கத்து வரிசையில் சீதா இருந்தாள். பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து மலாய்க்காரர்களோடு கலந்துவிட்ட சிட்டி குடும்பத்துப் பெண். கும்பிடுகிறது மாரியம்மனை, போடுகிறது மலாய்ப் பெண்களின் கபாயாச் சட்டை, பேசுகிறது மலாய். நடுவில் இரண்டொரு தமிழ் வார்த்தை வந்து விழும். "கசியான், பாவம் பாவம்" என்று சொல்லிக்கொண்டே வந்து, தன் பெட்டியிலிருந்த பழைய பாத்தேக் சாரோங்குகளை, அந்தப் பூப்போட்ட கைலிகளை எல்லாம் எடுத்துக் கறுப்புச் சாயத்தில் முக்கி, தெய்வானை வீட்டு ஜன்னல்களில் அவளே ஆணி அடித்துத் தொங்கவிட்டாள். ஒரு வார்த்தை உபதேசம் செய்யவில்லை. தெய்வானை வேலைக்குப் போகும்போது கோகிலாவைப் பார்த்துக்கொண்டதும் அவள்தான். இருட்டு அறையில் இருவரும் புளியங்கொட்டை வைத்து, நம் பல்லாங்குழி போன்ற சொங்காக் ஆடுவார்கள். பொழுது இறங்கினபிறகு பிள்ளை வாசலுக்கு வரும். அந்த வருஷம் அவளுக்குப் புதுக் கொப்புளம் ஒன்றுகூட வரவில்லை. கட்டிலுக்கு அடியில் போய்ப் படுக்கவும் இல்லை.

அதற்குள் அடுத்த திருவிழா வந்துவிட்டது. மூன்றாவது வருஷம்.

"கடைசி வருஷம். இதோட நேர்த்தி முடிஞ்சுது. அப்புறம் நீ புள்ளைய பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டிக்க" என்றார் பெரிய மாமா.

"குடை பிடிச்சுக் கூட்டிக்கிட்டு வர்றேன், பெரிய மாமா. கறுப்புக் குடை வாங்கி வச்சிருக்கேன்."

"சாமிக்கு முன்னால குடையா? செருப்பும் குடையும் ஆகாதுன்னு தெரியாது உனக்கு?"

"அப்ப என் புள்ள வராது."

"நேர்ந்தத நிறுத்தினா அம்மா சும்மா விடமாட்டா. குலத்தையே எடுத்துருவா."

"எடுக்க இன்னும் என்ன இருக்கு?"

ஒரு வாரம் அந்த வீட்டில் அடுப்பு எரிந்ததைவிட வாய் எரிந்ததே அதிகம். கடைசியில் வேலாயுதத்தைப் பிடித்து உட்காரவைத்துக் கேட்டாள்.

"மாமா, நேர்ந்தது யார் வாயி?"

"என் வாயி."

"அப்ப நடக்க வேண்டியது யார் காலு?"

பிள்ளைக்குப் பதிலாக அப்பா குடம் எடுப்பது ஊரில் இல்லாத வழக்கமில்லை. தானே எடுப்பதாக ஒத்துக்கொண்டான். அவள் கையிலே அடித்துச் சத்தியமும் செய்தான்.

திருவிழா அன்று தெய்வானை வேலைக்குப் போய்விட்டாள். அந்த வருஷம் அவளுக்கும் அம்மனுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பெண்டஹாரா ரோட்டில் ஒரு துணிக்கடை மாடிக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். ஆகஸ்டில் சுதந்திரம் வருகிறது, அது வருவதற்குள் கடை பளிச்சென்று இருக்க வேண்டும் என்று முதலாளி பறந்தார். ஊரெல்லாம் அப்படித்தான், எங்கே பார்த்தாலும் சாரம், எங்கே பார்த்தாலும் சுண்ணாம்பு. நாடே முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தது. தெய்வானை சாரத்தின் மேல்தட்டில் நின்று வாளியை மேஸ்திரியிடம் நீட்டிக்கொண்டிருந்தபோது மேளச் சத்தம் கேட்டது.

ஊர்வலம் திரும்பி வருவது மேலிருந்து நன்றாகத் தெரிந்தது. முன்னால் மேளம். அடுத்து மஞ்சள் சேலைகளும் குடங்களும். அதற்குப் பின்னால் சின்னத் தேரில் அம்மன், சிவப்புப் பட்டுக் குடையின் கீழே. குஞ்சம் வைத்த குடை, நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்தது. பிடிக்க ஓர் ஆள் தனியாக நடந்தான். வேலாயுதத்தைத் தேடினாள். இருந்தான். தலையில் குடம் இல்லை. அவனுடைய கை கீழே ஒரு சின்னக் கையைப் பிடித்திருந்தது. மஞ்சள் பாவாடை, தலையில் செம்பு. கோகிலா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, அப்பா இழுத்த பக்கம் தட்டுத் தடுமாறி நடந்துகொண்டிருந்தாள். நேரம் உச்சி.

வாளி கையிலிருந்து போனது. கீழே சுண்ணாம்பு சிதறியதையும் மேஸ்திரி கத்தியதையும் அவள் கேட்கவில்லை. எப்படி இறங்கினாள் என்று பின்னால் அவளுக்கே தெரியவில்லை.

ஊர்வலத்துக்குள் நேரே நடந்து புகுந்தாள். முழங்கை வரை சுண்ணாம்பு, தலையில் சும்மாடு. முதலில் கோகிலாவின் தலையிலிருந்த செம்பை எடுத்துத் தரையில் போட்டாள். பால் ரோட்டில் ஓடியது. பார்த்தவர்கள் "ஐயோ" என்றார்கள். மேளம் நின்றது.

"சத்தியம் பண்ணீங்களே மாமா!"

வேலாயுதத்தின் உதடு அசைந்தது. "அண்ணன் சொன்னாரு... எல்லாரும் பாக்குறாங்கன்னு..."

"எல்லாரும் பாக்குறாங்களா? நல்லா பாக்கட்டும்!"

மாணிக்கவாசகம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கழுத்தில் மாலை, கையில் வெள்ளிப் பூண் போட்ட பிரம்பு.

"அடியே, பால கொட்டிட்டியே! அம்மா முன்னால நின்னுக்கிட்டு ஆடுறியா? விலகு!"

தெய்வானை அம்மனைப் பார்த்தாள். அம்மன் நிழலில் இருந்தாள். அந்த ரோட்டில் அத்தனை பேரும் வெயிலில் நின்றார்கள், அவள் ஒருத்தி மட்டும் நிழலில் இருந்தாள். தெய்வானை தேரின் பக்கம் போனாள். குடை பிடித்தவன் என்ன ஏது என்று விளங்குவதற்குள் கழியை அவன் கையிலிருந்து பிடுங்கினாள். கனத்த கழி, ஆண்பிள்ளை பிடிக்கிற கழி. சுண்ணாம்பு வாளி சுமந்த கைக்கு அது ஒரு பாரமா? நாலு எட்டில் திரும்பி வந்து அதைக் கோகிலாவின் தலைக்கு மேல் நிறுத்தினாள்.

"கல்லுக்குக் குடை, என் புள்ளைக்கு வெயிலா? உனக்குத் தோலா உரியுது? உனக்குக் கண்ணா போவுது? நீ அம்மாவா இருந்தா நில்லு இன்னிக்கு வெயில்ல! நின்னு பாரு!"

அவள் கத்தியது மாணிக்கவாசகத்தைப் பார்த்து அல்ல. அது எல்லோருக்கும் விளங்கியது. அதனால்தான் ஒருவரும் கிட்டே வரவில்லை. மாணிக்கவாசகம் மட்டும் பிரம்பை ஓங்கினார், கூட்டத்தைப் பார்த்தார், கை தானாக இறங்கிவிட்டது. பூசாரி தேரின் மேல் உட்கார்ந்தபடியே கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டார். யாரைக் கும்பிட்டார் என்று தெரியாது.

கோகிலா குடைக்கு அடியில் மெல்லக் கண்ணைத் திறந்தாள். சிவப்புப் பட்டை அண்ணாந்து பார்த்துவிட்டு, "நல்லாருக்குமா" என்றாள்.

வேலாயுதம் கழியை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினான். "தொடாதீங்க மாமா" என்றாள். பெண்டஹாரா ரோட்டிலிருந்து காஜா பெராங் வரை பிள்ளைக்குக் குடை பிடித்துக்கொண்டு அவளே நடந்தாள். அவன் பின்னால் வெயிலில் நடந்து வந்தான். வாசலில் சீதா தலையில் கை வைத்து அழுதபடி நின்றாள். தகப்பன் வந்து கேட்கும்போது பிள்ளையைத் தரமாட்டேன் என்று சொல்ல அவள் யார்? தெய்வானை அவளை ஒன்றும் சொல்லவில்லை.

குடையைத் திருப்பிக் கேட்டு ஆள்மேல் ஆள் வந்தார்கள். "கேக்க வேண்டியவ வந்து கேக்கட்டும்" என்று சொல்லியனுப்பினாள். மாணிக்கவாசகத்துக்கும் வீம்பு. பழைய குடை திரும்பி வராமல் புதுக் குடை செய்யக் கூடாது என்று சபையில் சொல்லிவிட்டார். ஆகவே அதன்பிறகு வருஷா வருஷம் அம்மன் வெயிலில்தான் புறப்பட்டாள். சுதை முகத்தின் வர்ணம் வெளுத்தது, நெற்றி வெடித்தது. உடனே நல்ல ஆளாகக் கூட்டி வந்து, சாரம் கட்டி, திரை போட்டு, கோயிலையும் அம்மன் முகத்தையும் புதுசாகப் பூசினார்கள். அம்மனுக்கு என்ன குறைச்சல்? பூச ஆள் இருந்தது, ஏறி நிற்கச் சாரமும் இருந்தது.

கோகிலாவுக்கு அந்த வசதி இல்லை. இருந்ததெல்லாம் குடைதான். சுதந்திரத்தன்று திடலில் கொடி பார்க்கக்கூட அதன் கீழே நின்றாள். எல்லோரும் மெர்டேக்கா, விடுதலை என்று கத்தியபோது, நீளச் சட்டைக் கைக்குள் இருந்த கையைத் தூக்கி அவளும் கத்தினாள். காஜா பெராங்கில் சிவப்புக் குடை அசைந்து வந்தால் கோகிலா வருகிறாள் என்று அர்த்தம். கழி பிடித்துக்கொண்டு கூட வருகிறவன் பெரும்பாலும் வேலாயுதம். அண்ணன் வீட்டு வாசலை அவன் அப்புறம் மிதிக்கவில்லை. தெய்வானை அவனை மன்னித்தாளா என்று கேட்காதீர்கள். கழியைக் கொடுத்தாள், அவ்வளவுதான்.

ஆனாலும் ஆரம்ப வருஷங்களில் பட்ட வெயில் பட்டதுதான். முற்றத்து அண்டாவையும் மூன்று ஊர்வலத்தையும் உடம்பு மறக்கவில்லை. கட்டி ஒவ்வொன்றாக வந்தது, ஒவ்வொன்றாக வெட்டினார்கள். பதினாறு வயதில் பார்வை போனது. அப்போதுதான் மாணிக்கவாசகம் படியேறி வந்தார், உடல் தளர்ந்து, பிரம்பு இல்லாமல்.

"தெரியாம சொல்லிட்டேன் தெய்வானை. மனசுல வச்சுக்காத."

"கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா, பெரிய மாமா?" என்றாள் அவள். உட்காரச் சொல்லவில்லை.

இருபது வயதைப் பார்க்காமல் கோகிலா போய்விட்டாள். வெயில் படாட்டி கனகாலம் இருப்பா என்றார்களே, அந்தக் கனகாலத்தில் பாதியைத் தின்றவர்கள் எல்லோரும் துக்கத்துக்கு வந்து நன்றாகவே அழுதார்கள். அவளைக் கொண்டுபோனதும் பகலில்தான். குடை தேவைப்படவில்லை.

மறுநாள் காலையில் தெய்வானை குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு கோயிலுக்குப் போனாள். "தீட்டும்மா, உள்ள வரக்கூடாது" என்று பூசாரி தழுதழுத்தார். அவள் அவரைத் தாண்டி உள்ளே போனாள். புதுசாகப் பூசிய முகத்தோடு அம்மன் பளபளவென்று இருந்தாள். தெய்வானை கும்பிடவில்லை. குஞ்சம் உதிர்ந்து, சாயம் போய், அங்கங்கே கறுப்புச் சாரோங் துண்டு வைத்துத் தைத்திருந்த அந்தக் குடையை அம்மனின் காலடியில் சாத்தி வைத்தாள்.

"அவளுக்கு இனிமே வெயில் இல்ல. இந்தா, உன் குடை."